துணி, மெழுகு, ஒரு துண்டு மரம்: கருமருந்துத் துப்பாக்கிக்கு வீட்டிலேயே செய்துகொள்ளும் சாமான்கள்

குழல் வாய் வழியே வெடிமருந்தைக் கொட்டி, ஈயக் குண்டைக் கெட்டித்துச் சுடும் துப்பாக்கியை, அதாவது மஸில்லோடரை, முதன்முதலில் வாங்குகிறவர் அதே கையோடு ஒரு பெட்டி நிறையத் துணைச் சாமான்களையும் வாங்கிவிடுகிறார். நானும் அப்படித்தான் வாங்கினேன். பத்து வருடம் கழித்து அந்தப் பெட்டியில் இன்னும் புழக்கத்தில் இருப்பவை மூன்றே மூன்று: பித்தளைத் துடைப்பு முனை, குண்டு பிடுங்கும் திருகு, மருந்தளக்கும் குழாய். மற்றதெல்லாம் ஒவ்வொன்றாகக் கழிந்து, அந்த இடத்துக்கு நான் சமையலறையிலும் கார் நிறுத்தும் கொட்டகையிலும் செய்துகொண்டவை வந்து சேர்ந்தன.

நான் இருப்பது பென்சில்வேனியாவில். பதினெட்டாம் நூற்றாண்டில் லங்காஸ்டர் சுற்றுவட்டாரத்து ஜெர்மானியக் கொல்லர்கள் நீண்ட குழல் ரைஃபிளை உருவாக்கிய மாநிலம் இது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கி ஜனவரிக்குள் நீளும் ஒரு மான் வேட்டைப் பருவத்தை இன்றும் இங்கே சக்கிமுக்கித் துப்பாக்கிக்கென்றே, அதாவது கல்லை இரும்பில் உரசிப் பொறி பறக்கவிட்டுச் சுடும் துப்பாக்கிக்கென்றே, வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்துக் குடியானவன் கொல்லனிடம் காசு கொடுத்து வாங்கியது துப்பாக்கியை. கொம்பு, பை, துணி, கொழுப்பு எல்லாம் அவன் வீட்டுச் சரக்கு. அந்தப் பிரிவினையே இன்றைக்கும் சரி என்பது என் கட்சி.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவில் 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டம் இவ்வகைப் பழைய துப்பாக்கிகளுக்கும் அவற்றின் நகல்களுக்கும் விலக்கு அளிக்கிறது. மாநிலங்கள் அப்படியே விட்டுவிடுவதில்லை, ஒவ்வொன்றும் தனக்கென்று விதி வைத்திருக்கிறது. உங்கள் மாநில விதியைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு: அங்கே நாட்டுத் துப்பாக்கிக்கும் ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். இதை வைத்துக்கொண்டு எந்தப் பரிசோதனையிலும் இறங்க வேண்டாம்.

செய்யக் கூடாதவை

எதைச் செய்யலாம் என்பதற்கு முன்னால் எதைச் செய்யக் கூடாது என்று சொல்லிவிடுகிறேன். இந்த ஒரு பகுதியை மட்டும் படித்துவிட்டுப் போனாலும் எனக்குத் திருப்திதான்.

மருந்தை வீட்டில் செய்யாதீர்கள். வெடியுப்பு, கரி, கந்தகம், 75க்கு 15க்கு 10 என்ற விகிதம் பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது என்பதால் அது எளிய வேலை ஆகிவிடாது. ஆலையில் அதை அரைக்கிற கட்டடங்களைத் தள்ளித் தள்ளிக் கட்டியதற்குக் காரணம் இருக்கிறது. முத்திரையிட்ட டப்பாவில், கருமருந்து என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். அல்லது அதற்கு மாற்று என்று தயாரிப்பாளரே குறித்திருப்பதை வாங்குங்கள். இன்றைய தோட்டாக்களில் இருக்கும் புகையில்லா மருந்து ஒரு சிட்டிகைகூட இந்தக் குழலுக்குள் போகக் கூடாது. குழல் பிளந்துவிடும். எவ்வளவு மருந்து என்பதையும் துப்பாக்கியோடு வந்த கையேடுதான் சொல்ல வேண்டும். பக்கத்து மேசைக்காரர் சொல்வது அவருடைய துப்பாக்கிக்கு.

இரண்டாவது, கெட்டிக்கும் கோல். மரச்சாமான் கடையில் இரண்டு டாலருக்குக் கிடைக்கும் உருளைக் கம்பைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். எனக்கும் வந்தது. அந்தக் கம்புகளை மரத்தின் நார் போகும் போக்கைப் பார்த்து அறுப்பதில்லை, இயந்திரம் தன் போக்கில் கடைந்து தள்ளுகிறது. நார் சாய்ந்து ஓரத்தில் வெளியேறும் இடத்தில் கம்புக்குப் பலமே கிடையாது. கசடு படிந்த குழலில் ஐந்தாவது குண்டை அழுத்தும்போது என் கம்பு சரியாக அந்த இடத்தில் முறிந்தது. முறிந்த முனை ஈட்டிபோலச் சாய்ந்த கூர். கையுறையைத் துளைத்துக்கொண்டு உள்ளங்கைக்குள் போய் நின்றது. தையல் மூன்று. கோல் வேண்டுமென்றால், நார் ஓடும் வழியே பிளந்து எடுத்த ஹிக்கரி மரக் கோலைக் கேட்டு வாங்குங்கள். சுடுதளத்துக்கு மட்டும் என்றால் பித்தளைக் கோலோ கண்ணாடியிழைக் கோலோ போதும். எந்தக் கோலானாலும் குழல் வாய்க்கு மேலே ஒரு சாண் உயரத்தில் பிடித்து, சிறிது சிறிதாக இறக்குங்கள். நுனியைப் பிடித்து ஒரே அழுத்தாக அழுத்தினால் நல்ல கோலும் முறியும்.

மூன்றாவது, குண்டு பிடுங்கும் திருகும் துடைப்பு முனையும். இவற்றின் திருகுமரை கோலோடு கச்சிதமாகப் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் குழலின் அடியில் சிக்கிக்கொள்ளும். வாங்கிவிடுங்கள்.

துணி

வழவழப்பான ஈயக் குண்டு குழலைவிடச் சற்றே சிறியது. இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை ஒரு துண்டுத் துணி நிரப்புகிறது. குழலுக்குள் சுருளாக ஓடும் வரிப்பள்ளங்களைக் கவ்விப் பிடித்துக் குண்டைச் சுழலவைப்பது அந்தத் துணிதான். ஆகவே குறி தவறும்போது பலரும் துப்பாக்கியைத் திட்டுகிறார்கள், நான் முதலில் துணியைச் சந்தேகிப்பேன்.

ஐம்பது காலிபர் குழல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். குழலின் உள்விட்டம் 0.50 அங்குலம். குண்டு 0.490 அங்குலம், எடை சுமார் 177 கிரெய்ன், நம் கணக்கில் பதினொன்றரை கிராம். இதற்கு 0.015 முதல் 0.018 அங்குலம் வரை தடிமன் உள்ள நூறு சதவீதப் பருத்தித் துணி பொருந்தும். மெத்தைக்கும் தலையணைக்கும் உறை தைக்கும் பட்டை போட்ட கெட்டித் துணி இந்தத் தடிமனில் கிடைக்கிறது. கடைக்குப் போகும்போது ஒரு வெர்னியர் அளவியைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். துணியின் ஓரத்தை அதில் வைத்து நன்றாக நெருக்கிப் பிடித்து அளக்க வேண்டும். துணிக்கடைப் பெண்மணி ஒரு மாதிரியாகப் பார்ப்பார், பார்க்கட்டும். கலப்பு நூல் துணி கூடவே கூடாது. பாலியஸ்டர் உருகிக் குழலில் ஒட்டும். சந்தேகம் இருந்தால் ஓர் இழையை உருவி, வீட்டுக்கு வெளியே கொளுத்திப் பாருங்கள். பருத்தி சாம்பலாகும், பாலியஸ்டர் கறுத்த மணியாகச் சுருளும்.

வீட்டுக்கு வந்ததும் வெந்நீரில் சோப்பு போட்டு ஒரு முறை துவைத்து உலர்த்துங்கள். புதுத் துணியில் இருக்கும் கஞ்சி போனால்தான் மசகு ஏறும். பிறகு சதுரமாக நறுக்குங்கள். வட்டமாகத்தான் வெட்ட வேண்டும் என்று நினைத்து நான் ஒரு வெட்டுக்கருவிகூட வாங்கினேன். சதுரத்துக்கும் வட்டத்துக்கும் இலக்கில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஒன்றேகால் அங்குலச் சதுரம் என்றால், 44 அங்குல அகலத் துணியில் ஒரு கெஜத்துக்குத் தொள்ளாயிரத்துக்கு மேல் தேறும். கடையில் நூறு நூறாக அடைத்து விற்பதன் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்தது சுட்ட துணியைப் படிப்பது. புதியவர்களுக்கு இதைவிடப் பெரிய ஆசிரியர் கிடையாது, அதுவும் இலவசமாக. தளத்தில் எல்லாரும் சுடுவதை நிறுத்தி, முன்னே போகலாம் என்று அறிவித்த பிறகு, குழல் வாய்க்கு முன்னால் பத்துப் பதினைந்து அடி தூரத்தில் புல்லில் தேடுங்கள். உங்கள் துணிகள் அங்கே கிடக்கும். நல்ல துணி ஓரம் லேசாகப் பிரிந்து, நடுவில் குண்டு உட்கார்ந்த வட்டம் கறுத்து, அதைச் சுற்றி வரிப்பள்ளங்களின் தடம் பூவிதழ்போல விழுந்து, மொத்தத்தில் இன்னொரு முறை பயன்படுத்தலாம் போல இருக்கும். நடுவட்டத்தைச் சுற்றி எரிந்து ஓட்டை விழுந்திருந்தால் துணி மெலிது, அல்லது மசகு போதவில்லை. அந்த இடைவெளியில் தீ புகுந்திருக்கிறது. பிளேடால் கீறியதுபோல வெட்டு இருந்தால் குழல் வாயின் விளிம்போ வரிப்பள்ளத்தின் முனையோ கூராக இருக்கிறது. புதுக் குழல்களில் இது சகஜம். நூறு, இருநூறு முறை சுட்டால் தானே மழுங்கும். துணியே கிடைக்காமல் கந்தல் நூலாகப் பறந்திருந்தால் முதலில் துணியை மாற்றுங்கள், மருந்தின் அளவைப் பிறகு பார்க்கலாம்.

மசகு

துணிக்குத் தடவும் மசகுக்கு இரண்டு வேலை. குண்டு வழுக்கி இறங்க வேண்டும். எரிந்த மருந்தின் கசடு இறுகாமல் இளக்கமாக இருக்க வேண்டும். கருமருந்து எரிந்தபின் அதன் எடையில் பாதிக்கு மேல் வாயுவாகப் போகாமல் திடப்பொருளாகவே எஞ்சுகிறது. அதனால்தான் அவ்வளவு புகை, அவ்வளவு கரி.

என் கைப்பக்குவம்: ஒரு பங்கு தேன்மெழுகு, மூன்று பங்கு ஆலிவ் எண்ணெய். குளிர்காலத்துக்கு நான்கு பங்கு. பழைய தகர டப்பா ஒன்றில் மெழுகைத் துருவிப் போட்டு, அந்த டப்பாவைத் தண்ணீர் கொதிக்கும் பாத்திரத்துக்குள் நிறுத்துங்கள். மெழுகு 62, 63 டிகிரி செல்சியஸிலேயே இளகிவிடும். அடுப்பின் மேல் நேராக வைத்தால் ஒரு போன் அழைப்புக்குத் திரும்பிப் பார்க்கும் நேரத்தில் தீப்பிடிக்கும். இளகியதும் எண்ணெயை ஊற்றிக் கிளறி, பாகுக்குப் பதம் பார்ப்பதுபோல ஒரு சொட்டைக் குளிர்ந்த தட்டில் விட்டுப் பாருங்கள். விரலால் தொட்டால் காலணி பாலிஷ் போலக் குழைய வேண்டும். உதிர்ந்தால் இன்னும் எண்ணெய், ஒழுகினால் இன்னும் மெழுகு. பதம் வந்ததும் மூடியுள்ள சப்பைத் தகர டப்பாவில் ஊற்றிவிடுங்கள். புதினா மிட்டாய் வரும் டப்பா இதற்கென்றே அளவெடுத்துச் செய்ததுபோல இருக்கும்.

பாத்திரத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மெழுகு பட்ட பாத்திரம் மெழுகுப் பாத்திரம்தான், இனி அதில் ரசம் வைக்க முடியாது. எங்கள் வீட்டில் இதற்கு ஒரு பஞ்சாயத்தே நடந்தது.

தேங்காய் எண்ணெய் கைவசம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். கோடையில் சரி. 24 டிகிரிக்குக் கீழே அது கட்டிதட்டும் என்பது குளிர் நாட்டுத் தமிழர் எவருக்கும் குளியலறையிலேயே தெரிந்த விஷயம். மாட்டுக் கொழுப்பு நன்றாக வேலை செய்யும். பன்றி இறைச்சி வறுத்த கொழுப்பு மட்டும் வேண்டாம், அதில் உப்பு இருக்கிறது, உப்பு குழலைத் தின்னும். கார் கிரீஸ், மோட்டார் எண்ணெய் போன்ற பெட்ரோலியச் சரக்குகளையும் தள்ளிவையுங்கள். கருமருந்துச் சூட்டில் அவை தார்போலப் பிடிப்பதை ஒரு முறை சுரண்டி எடுத்தவர் மறுபடி தொட மாட்டார்.

தளத்தில் தாளில் மட்டும் சுடுகிறவர்களுக்கு இதைவிட மலிவான வழி உண்டு. பட்டறைகளில் உலோகம் வெட்டும்போது ஊற்றும், தண்ணீரில் கரையும் எண்ணெய் ஒரு பங்கு, தண்ணீர் ஏழு பங்கு. கலந்தால் பால்போல வெளுக்கும். இங்கே இதற்கு மூஸ் மில்க், மூஸ் மானின் பால், என்று செல்லப் பெயர். துணியை அதில் நனைத்துத் தட்டையாக விரித்து உலர்த்திவிட்டால் தண்ணீர் போய் எண்ணெய் மட்டும் இழையில் தங்கும். கையில் பிசுபிசுப்பு இல்லை. வேட்டைக்கு இதை நான் எடுத்துப் போவதில்லை. நாள் முழுக்கக் கெட்டித்தே இருக்கும் துப்பாக்கிக்குக் கொழுப்பும் மெழுகும்தான் நம்பகம்.

கோலில் இரண்டு கோடுகள்

கோலைச் செய்யாதீர்கள் என்றேன். ஆனால் அதன் மேல் கோடு போடுங்கள். செலவு இல்லை, இரண்டு நிமிட வேலை, இந்தக் கட்டுரையில் இருப்பவற்றிலேயே இதுதான் முக்கியம்.

துப்பாக்கி காலி என்பதை உறுதி செய்துகொண்டு கோலை அடிவரை இறக்குங்கள். காலிக் குழலின் அடியில் உலோக முனை தட்டினால் டிங் என்று ஒலிக்கும். மருந்தோ குண்டோ இருந்தால் மந்தமாகத் தட்டும். குழல் வாய் நிற்கும் இடத்தில் கோலைச் சுற்றி ஒரு கோடு. இது காலிக் கோடு. அடுத்த முறை தளத்தில் உங்கள் வழக்கமான மருந்தளவைப் போட்டு, குண்டை மருந்தின் மேல் நன்றாக உட்காரவைத்த பிறகு, மறுபடி ஒரு கோடு. இது கெட்டித்த கோடு. அழியாத மையில் போட்டு மேலே வார்னிஷ் தடவலாம், கத்தியால் மட்டும் கீற வேண்டாம். கீறல் என்றால் அங்கேதான் முறியும்.

இனி ஒவ்வொரு முறையும் கோல் உங்களோடு பேசும். கெட்டித்த கோடு குழல் வாய்க்கு மேலே நின்றால் குண்டு முழுதும் இறங்கவில்லை. மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே வெற்றிடம் இருக்கும்போது சுட்டால் குழல் உப்பும், வெடிக்கவும் செய்யும். மிக உயரே நின்றால் ஏற்கெனவே ஒரு குண்டு உள்ளே இருக்கிறது. கோடு குழலுக்குள் மறைந்துபோனால் மருந்தையே மறந்துவிட்டீர்கள்.

கடைசியாகச் சொன்னது எனக்கு நடந்தது. மகளின் கல்லூரி விண்ணப்பத்தைப் பற்றிப் பக்கத்து மேசையில் பேசிக்கொண்டே துணி வைத்தேன், குண்டு வைத்தேன், கெட்டித்தேன். கோடு காணாமல் போயிருந்தது. கோட்டைப் பார்த்தேனோ பிழைத்தேனோ, பேச்சு அங்கேயே நின்றது. என்னுடையது சக்கிமுக்கி. குழலின் அடியில் தீ உள்ளே போகும் சிறு துளையான பற்றுவாய் வழியே நுண்மருந்தைச் சிட்டிகை சிட்டிகையாக உள்ளே தள்ளி, குண்டு மறுபடி அடிவரை அழுந்தி இருக்கிறதா என்று கோலால் பார்த்து, கோலை வெளியே எடுத்துவைத்துவிட்டு, இலக்கை நோக்கிச் சுட்டதில் பொத்தென்று போய் விழுந்தது. இதற்கும் மசியாத குண்டுக்குத்தான் அந்தப் பிடுங்கு திருகு. மருந்தும் உள்ளே இருக்கலாம் என்ற சந்தேகம் துளியளவு இருந்தாலும் தளத்தில் அனுபவப்பட்டவரைக் கூப்பிடுங்கள், நீங்களே முறுக்காதீர்கள்.

மரவேலை

குண்டையும் துணியையும் குழல் வாய்க்குள் முதல் விரற்கடை இறக்குவதுதான் கடினம். அதற்கு ஒரு குறுங்கோல் வேண்டும். மேசை இழுப்பறைக்குப் போடும் உருண்டை மரக் கைப்பிடி ஒன்று வாங்குங்கள். அதன் அடியில் துளையிட்டு, ஐந்தாறு அங்குல நீளத்தில் பதினாறில் ஏழு பாகம், அதாவது 7/16 அங்குலக் கம்பை ஒட்டுங்கள். பக்கவாட்டில் அரை அங்குலம் நீளும் ஒரு கட்டை முனை. கட்டை முனையை வைத்து உள்ளங்கையால் ஒரு தட்டு, குண்டு விளிம்பு மட்டத்துக்கு இறங்கும். நீள முனையால் ஓர் அழுத்து, ஐந்தங்குலம் உள்ளே போகும். கடைக் கம்பு ஆகாது என்று முன்னே சொன்னீர்களே என்று கேட்டால், இது சாண் நீளம்கூட இல்லை, வளைய இடமில்லை. இருந்தாலும் நார் நேராக ஓடும் துண்டாகப் பொறுக்குங்கள்.

குண்டுப் பலகை இன்னும் எளிது. அரை அங்குலத் தடிமனில் கையகல மரத்துண்டு. மேப்பிள், வால்நட், எதுவானாலும் சரி. ஐம்பது காலிபருக்கு அரை அங்குலத் துளைகள் ஐந்தோ ஆறோ போட்டு, உள்ளே உப்புத்தாளால் தேயுங்கள். மசகு தடவிய துணியில் சுற்றிய குண்டு கட்டைவிரலால் அழுத்தினால் இறங்க வேண்டும், பலகையைக் குலுக்கினால் விழக் கூடாது. அந்த இறுக்கம் வரும்வரை தேய்த்துத் தேய்த்துப் பார்க்க வேண்டியதுதான். ஓரத்தில் ஒரு துளை போட்டுத் தோல் வார் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்ளலாம். விரல் மரத்துப்போகும் ஜனவரிக் காலையில் துணியையும் குண்டையும் தனித்தனியாகத் தேடாமல், பலகையைக் குழல் வாயில் வைத்துக் குறுங்கோலால் ஒரே தள்ளு.

மருந்தளவை

மருந்துக் கொம்பிலிருந்தோ டப்பாவிலிருந்தோ நேராகக் குழலுக்குள் கொட்டக் கூடாது. முந்தைய சுட்டலின் கங்கு அடியில் ஒளிந்திருந்தால் கையில் இருப்பது வெடிகுண்டாக மாறும். எப்போதும் ஓர் அளவையில் கொட்டி, கொம்பை மூடித் தள்ளிவைத்து, அளவையிலிருந்துதான் குழலுக்கு.

ஏற்ற இறக்கம் உள்ள பித்தளை அளவை ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். அது உங்கள் முத்திரைப் படி. உங்கள் துப்பாக்கிக்கு ஏற்ற அளவு முடிவானதும் அந்த ஓர் அளவுக்கு மட்டும் ஒரு நிலையான அளவையைச் செய்யலாம். சுட்டுக் கழித்த பித்தளைத் தோட்டாக்கூடு தோதானது. 45-70 என்ற பழைய தோட்டாவின் பெயரில் உள்ள 70, அதில் கெட்டித்த கருமருந்தின் கிரெய்ன் கணக்குத்தான். வெடித்து முடிந்த கேப், அதாவது தோட்டாவைப் பற்றவைக்கும் சிறு வெடிமூடி, அடியில் இருப்பதாகப் பார்த்து எடுங்கள், இல்லாவிட்டால் மருந்து ஒழுகும். வாங்கிய அளவையில் உங்கள் அளவை அளந்து கூட்டுக்குள் கொட்டுங்கள். மிச்ச இடம் எவ்வளவு என்று பார்த்து, மருந்தை வெளியே எடுத்து டப்பாவில் சேர்த்து, அந்த டப்பாவை அந்த அறையிலிருந்தே கொண்டுபோய்விட்டு, பிறகு அரத்தால் ராவிக் குறையுங்கள். ராவும் மேசையில் மருந்து இருக்கவே கூடாது. தலைதட்டினால் சரியாக நிறையும்வரை இப்படி இரண்டு மூன்று நடை. மரக் கைப்பிடி போட்டால் பேரப்பிள்ளைகளுக்கும் போகும்.

சக்கிமுக்கிக்காரர்களுக்கு

இங்கே வாங்க வேண்டியது சக்கிமுக்கிக் கல் மட்டும். கல்லைக் குதிரையின், அதாவது விசையை இழுத்ததும் பாய்ந்து விழும் சுத்தியலின், தாடையில் பிடித்துவைக்கும் மெத்தைக்குப் பழைய தோல் பெல்ட்டின் ஒரு துண்டு. பற்றுவாய் குத்தும் ஊசிக்கு ஒரு பித்தளைக் கம்பி. எஃகு ஊசி நாளடைவில் துளையைப் பெரிதாக்கும். பற்றவைக்கும் மருந்தை வைக்கும் கிண்ணியைத் துடைக்கப் பிள்ளைகள் வண்ணம் தீட்டிக் கழித்த தூரிகையைப் பாதியாக வெட்டிக்கொள்ளுங்கள். ஊசியையும் தூரிகையையும் ஒரே கயிற்றின் இரு முனைகளில் கட்டினால் தொலையாது. வான்கோழி இறகின் தண்டைச் சீவிப் பற்றுவாயில் செருகி வைத்துவிட்டு மருந்து போடும் பழைய பழக்கம் ஒன்று உண்டு. இறகை உருவும்போது மருந்துக்குள் தீ போக ஒரு வழி திறக்கும். செலவே இல்லாத இந்த வித்தையை ஏன் எல்லாரும் செய்வதில்லை என்று எனக்கு விளங்கவில்லை.

கல் உரசும் இரும்புக்கு ஓர் உறை வேண்டும். பழைய தோல் கையுறையின் கட்டைவிரலை வெட்டி மாட்டுங்கள். தவறிக் குதிரை விழுந்தாலும் பொறி பறக்காது. கெட்டிக்கும்போது இது மேலே இருக்கட்டும். கிண்ணியில் மருந்து வைப்பது எப்போதும் கடைசி வேலை, குழலை இலக்குப் பக்கம் திருப்பிய பிறகு.

பனியிலும் மழையிலும் பூட்டை, அதாவது கல்லும் குதிரையும் கிண்ணியும் இருக்கும் பொறியை, முழுதாக மூட, கொழுப்பு தேய்த்த தோல் துண்டு ஒன்றை மடித்து வாரால் கட்டுவார்கள். இதற்கு இங்கே மாட்டு முழங்கால் என்று பெயர். அந்தக் காலத்தில் மாட்டின் முழங்கால் தோலையே உரித்துப் போட்டதால் வந்த பெயராம்.

கல்லுக்குப் பதில் கேப் என்ற சிறு வெடிமூடியைத் தட்டிப் பற்றவைக்கும் கேப் துப்பாக்கிக்காரர்களுக்கு ஒரே ஒரு குறிப்பு: தடித்த தோல் பட்டையில், கேப்பைவிட நூலிழை சிறியதாக வரிசையாகத் துளையிட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு கேப்பைச் செருகிக்கொள்ளுங்கள். பட்டையோடு கேப் உட்காரும் முளையில் அழுத்தி இழுத்தால் கேப் அங்கே தங்கிவிடும். குளிரில் அரிசி பொறுக்குவதுபோலக் கேப் பொறுக்க வேண்டியதில்லை.

தோள் பைக்கு என்னுடைய பழைய ஜீன்ஸின் ஒரு கால். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. மாட்டுக் கொம்பில் மருந்துக் கொம்பு செய்வது தனிக் கலை. நான் செய்த ஒன்று ஒழுகியது, வாங்கிவிட்டேன். கைவேலையாகச் செய்தவற்றைப் பார்க்கவும் பேரம் பேசவும் இந்தியானா மாநிலத்தில் ஃபிரெண்ட்ஷிப் என்ற சிற்றூருக்குப் போகலாம். 1933இல் தொடங்கிய தேசிய மஸில்லோடர் ரைஃபிள் சங்கத்தின் சுடுதளம் அங்கே இருக்கிறது. போட்டிக் காலத்தில் கடைவீதியே முளைக்கும். என் கொம்பு அங்கே வாங்கியதுதான்.

கழுவுதல்

அன்றைக்குச் சுட்டதை அன்றைக்கே கழுவ வேண்டும். கசடு காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும், காலையில் துரு. விலையுயர்ந்த கரைப்பான் எதுவும் வேண்டாம், அந்தக் கசடு தண்ணீரிலேயே கரையும். வெதுவெதுப்பான தண்ணீர், இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு. கொதிக்கும் தண்ணீர் ஊற்றச் சொல்கிறவர்களும் உண்டு. நான் ஊற்றிப் பார்த்ததில் குழல் உலர்வதற்குள்ளேயே மேலாகச் சிவப்புப் பூத்துவிட்டது, விட்டுவிட்டேன்.

குழல் எளிதாகக் கழன்றால் அடிப்பக்கத்தை வாளித் தண்ணீரில் நிறுத்தி, நனைந்த துணி சுற்றிய கோலை மேலும் கீழும் இழுங்கள். பற்றுவாய் வழியே தண்ணீர் ஏறி இறங்கும், பம்பு அடிப்பதுபோல. கழலாத குழல் என்றால் பற்றுவாயில் ஒரு பல்குத்தும் குச்சியைச் செருகி, சோப்புத் தண்ணீரை நிரப்பி, சில நிமிடம் விட்டு ஊற்றுங்கள். கேப் துப்பாக்கியில் மீன் தொட்டிக்குக் காற்று விடும் பிளாஸ்டிக் குழாயின் ஒரு முனையை முளையில் மாட்டி மறு முனையை வாளியில் விட்டால் மரக்கட்டையில் ஒரு சொட்டு படாது. துடைக்கக் கிழிந்த பனியன் துணி போதும். முதல் துணி தார்க் கறுப்பாக வரும், நான்காவது ஐந்தாவது சாம்பல் நிறம், எட்டாவது வெள்ளை. வெள்ளையாக வந்த பிறகு இரண்டு உலர்ந்த துணி, பிறகு எண்ணெய்த் துணி ஒன்று.

மறுநாள் மாலை இன்னொரு வெள்ளைத் துணியை உள்ளே விட்டு எடுத்துப் பாருங்கள். வெளிர் பழுப்பாக ஒரு வட்டம் தெரிந்தால் சோப்பு வாளியை மறுபடி எடுத்து வையுங்கள். அடுத்த முறை கெட்டிக்கும் முன் அந்த எண்ணெயையும் துடைத்துவிட வேண்டும். எண்ணெய் ஊறிய மருந்து பற்றாது.